விபுலாநந்த அடிகளாரும் யாழ் நூலும்

திருவருள் துணையால் இத்திருக்கோயிலின் திருப்பணிகள் யாவும் இனிது நிறைவெய்தித் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா நிகழ்கின்ற இந்நன்னாளில், விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். தல வரலாற்றையும் மூர்த்தியின் பெருமையையும் பிற அறிஞர் பெருமக்கள் நன்கு விளக்கியுள்ளனர். ஆதலின், பௌதிகமும் இரசாயனமும் கற்பித்த ஆசிரியராகவும், பல நாட்டு வரலாற்றையும் கலைகளையும் தமிழில் எழுதிய நூலாசிரியராகவும், இரண்டு பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கி, அவ்வறிவு அனைத்தையும் இறுதியில் தேவாரத் திருவிசைக்கே காணிக்கையாக்கிய ஒரு பெரியாரைப் பற்றி எழுதுவது பொருந்தும் என்று எண்ணினேன். அவரே யாழ் நூல் அருளிய விபுலாநந்த அடிகளார்.

இங்ஙனம் எண்ணுதற்குக் காரணமாய் அமைந்தது அண்மையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று. அடியேன் இளமையில் திருமடத்துக் கல்லூரியில் தங்கிப் பயின்றவன். திருமுறைகளையும் சாத்திரங்களையும் ஆசிரியர் திருமுன் இருந்து பாடங் கேட்டவன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய புராண விரிவுரை செய்து வருகிறேன். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அவைக்களத்து அன்பர்கள் உருகுவதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள், கல்லூரியில் பௌதிகம் பயிலும் என் பேரன் என் விரிவுரையைக் கேட்டுவிட்டு, “தாத்தா, அந்த யாழுக்கு எத்தனை நரம்பு? ஒவ்வொரு நரம்பும் எவ்வளவு நீளம்? அதில் அடங்காத இசை என்றால் எதனால் அடங்கவில்லை?” என்று வினவினான். விடை கூற இயலாது அடியேன் நாணி நின்றேன். அரை நூற்றாண்டு சொல்லி வந்த ஒரு பொருளின் உறுப்பைக்கூட நாம் அறிந்திலோமே என்ற வருத்தம் அன்றிரவு உறங்கவிடவில்லை. மறுநாள், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி, கணக்கு மிகுந்திருந்தமையால் பாதியில் மூடி வைத்த யாழ் நூலை மீண்டும் எடுத்தேன். தமிழை அடியேன் விளக்க, கணக்கை அவன் விளக்க, இருவரும் கூடிப் பயின்றோம். எங்கள் இருவருக்கும் பாதி பாதியாய் இருந்த அறிவு அடிகளார் ஒருவரிடத்திலேயே முழுமையாய் இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அடிகளார் 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் ஈழநாட்டின் கீழ்க்கரையில் உள்ள காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் திருமகனாய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி பெற்று, கொழும்பு நகரில் ஆசிரியப் பயிற்சி முடித்து, அங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916-இல் விஞ்ஞானத் துறையில் தகுதிச் சான்று பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் வெற்றி பெற்றார். ஈழநாட்டிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். ஒரே ஆண்டில் ஒரு கையில் விஞ்ஞானச் சான்றும் மறு கையில் பண்டிதப் பட்டமும் பெற்ற இந்நிகழ்ச்சி, பின்னர் வரவிருந்த பெரும்பணிக்கு ஒரு முன்னறிகுறி போல் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராய்ப் பணிபுரிந்துகொண்டே 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பொருளும் புகழும் தேடி வரும் பருவத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். இரண்டாண்டுகள் பிரமசரிய விரதம் காத்தபின், 1924-ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். துறவு பூண்டமையால் அவர் கல்வியைத் துறந்தாரல்லர். ஈழம் மீண்டு பள்ளிகள் பலவற்றைப் பேணினார். 1929-இல் மட்டக்களப்பில் தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதியில் தங்கிப் ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராய் இருந்தார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

அவர் எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளை நோக்கினாலே அவருடைய அறிவின் அகலம் விளங்கும். ‘விஞ்ஞான தீபம்’ என்பது ஒன்று. ‘எகிப்திய நாகரிகம்’ என்பது மற்றொன்று. ‘யவனபுரத்துக் கலைச்செல்வம்’ என்பது பிறிதொன்று. ஆங்கிலப் புலவர்களின் கவிநலத்தைத் தமிழர்க்கு எடுத்துக்காட்ட ‘ஆங்கிலவாணி’ எழுதினார். நாடகத்தைப் பற்றி ‘மதங்க சூளாமணி’ என்னும் நூல் இயற்றிச் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பு நோக்கினார். மதங்க சூளாமணி என்பது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மனைவியார் திருப்பெயருமாகும் என்பதை அன்பர்கள் நினைவு கூர்தல் வேண்டும். விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று பலரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு வேண்டிய சொற்களை ஆக்கும் பணியில் அவர் இறங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1936-இல் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938-இல் வெளிவந்தது. இவ்வளவும் அவர் செய்தவற்றுள் ஒரு பகுதியே. இவையனைத்தும் ஆறுகளாய் ஓடிச் சென்று கலந்த கடல் யாழ் நூல் எனலாம்.

யாழ் என்பது நம் முன்னோர் போற்றிய நரம்புக் கருவி. பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் தொகை கூறியுள்ளனர். ஆயினும் காலப்போக்கில் இக்கருவி வழக்கொழிந்தது. வீணை அதன் இடத்தைப் பெற்றது. யாழும் வீணையும் ஒன்றே என்று கற்றோரும் கருதும் நிலை வந்தது. அடியேனும் இளமையில் அவ்வாறே கருதியிருந்தேன். உண்மையில் இரண்டும் வேறு வேறு. வீணையில் ஒரு தந்தியை மெட்டுக்களின்மேல் விரலால் அழுத்திப் பல சுரங்களை எழுப்புகிறோம். யாழிலோ ஒரு நரம்புக்கு ஓர் இசை என்னும் முறையில் நரம்புகள் நீண்டும் குறுகியும் வில்லில் நாண் பூட்டினாற்போல் கட்டப்பட்டிருக்கும். அமராவதிச் சிற்பங்களில் காணப்படும் நரம்புக் கருவியும், சமுத்திரகுப்தன் தன் பொன் நாணயத்தில் மடிமீது வைத்து இசைப்பதாகப் பொறிக்கப்பட்ட கருவியும் இவ்வில்வடிவினவே.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணம் கூறும் அடிகள் 25 உள்ளன. அவற்றிற்குப் பண்டை உரையாசிரியர்கள் அரிய செய்திகளை விளக்கிச் சென்றனர். எனினும் கருவி கண்முன் இல்லாமையால், அவ்வுரையும் பிற்காலத்தார்க்குப் பூட்டிய பெட்டியாய் இருந்தது. அப்பெட்டியின் திறவுகோல் தமிழ்ப் புலமை மட்டுமன்று, ஒலியின் இயல்பை அளந்தறியும் பௌதிகமும் ஆகும் என்று அடிகளார் கண்டார். யாழ் நூல் அந்த 25 அடிகளுக்கு அமைந்த விரிவுரையே என்று கூறுவது மரபு.

அவ்வளவை முறை யாது என்பதை அன்பர்கள் எளிதில் அறியுமாறு ஓர் எடுத்துக்காட்டால் கூறுகிறேன். 36 விரல் நீளமுள்ள நரம்பு ஒன்றை முறுக்கேற்றித் தெறித்தால் எழும் இசையைக் குரல் என்று கொள்வோம். இன்று நாம் சட்சம் என்பது அது. அதே முறுக்கில் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கி 18 விரலில் தெறித்தால் மேல் நிலைக் குரல் ஒலிக்கும். ஒலியின் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரு பங்காகிய 24 விரலில் தெறித்தால் இளி ஒலிக்கும். இன்று பஞ்சமம் என்பது அது. அதிர்வு ஒன்றரை மடங்காகும். இவை எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் பொதுவான இயற்கை நியதி.

இனி நம் பண்டை இசைநூல் மரபைப் பாருங்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்தனர். கூட்டினால் 22 அலகு. குரலிலிருந்து இளி வரை 13 அலகு. இளியிலிருந்து மேற்குரல் வரை 9 அலகு. இந்த 22 அலகையும் சமமாகக் கொண்டு என் பேரன் கணக்கிட்டான். 13 அலகு ஏறினால் அதிர்வு 1.506 மடங்காகும் என்ற விடை வந்தது. பௌதிகம் கூறும் ஒன்றரை மடங்குக்கு அது எவ்வளவு அண்மையில் உள்ளது! எந்தக் கருவியும் இல்லாமல், செவியையும் சிந்தையையும் மட்டுமே துணையாகக் கொண்டு நம் முன்னோர் இத்துணை நுட்பமாக இசையை அளந்திருந்தனர் என்பதை எண்ணுந்தோறும் மெய் சிலிர்க்கின்றது. அவன் அத்தாளை என்னிடம் நீட்டியபோது, ஐம்பது ஆண்டுகளாக அடியேன் வாயால் புகழ்ந்த பெருமையைச் சிறுவன் கையால் தொட்டுக் காட்டினான் என்றே உணர்ந்தேன்.

அலகுத் தொகையில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில் ஒரு நிலைக்கு 24 அலகு என்றே நிறுவ முயன்றார். அடிகளார் 22 அலகு என்னும் நெறியில் நின்றார். இருவரும் தமிழிசைக்கு வாழ்நாளை ஈந்த பெருமக்கள். எம்முடிபு கொள்ளத்தக்கது என்பதை இசைவாணர் ஆராய்க. வெறும் வழக்கையோ விருப்பத்தையோ சான்றாகக் காட்டாமல், நூற்சான்றையும் கணக்கையும் முன்வைத்து வாதிட்ட நேர்மையே நாம் பின்பற்றத் தக்கது.

பதினான்கு ஆண்டுகள் இவ்வாராய்ச்சியில் அடிகளார் ஈடுபட்டார் என்பர். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக நூல் அமைந்தது. இவ்வரிசையைச் சைவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். கருவியின் உறுப்பில் தொடங்கி, நரம்பின் அளவைக் கூறி, பாலைகள் பிறக்கும் முறையை விளக்கி, பண்களை வகுத்து, முடிவில் தேவாரத்தில் வந்து நிற்கிறார். பண்டொரு காலத்தில் தில்லையில் மறைந்து கிடந்த திருமுறை ஏடுகள் வெளிப்பட்டபோது, அவற்றிற்குரிய பண்முறை அறியாது சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் வருந்தினர் என்றும், திருவெருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியார் இறையருளால் பண்ணடைவை வகுத்துத் தந்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வம்மையார் பண்ணை மீட்டளித்தார். அப்பண்ணுக்கு நிலைக்களமாயிருந்த யாழைப் பல நூற்றாண்டுகட்குப் பின் நம் அடிகளார் மீட்டளித்தார்.

இத்தகைய பணி ஒருவர் அறிவினால் மட்டும் நிறைவேறுவதன்று. நகரத்தார் மரபில் வந்த பெ. இராம. இராம. சித. சிதம்பரம் செட்டியார் அவர்கள் அடிகளார் தங்கி ஆராய இடமளித்தும் பொருளுதவி புரிந்தும் பேணினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் நூலை அச்சிட்டு வெளியிடும் பொறுப்பை ஏற்றனர். அறிவுடையோரும் பொருளுடையோரும் ஒருங்கு கூடியதனால் அன்றோ இன்று நம் கையில் அந்நூல் இருக்கிறது!

நூல் அரங்கேற்றத்திற்கு அவர்கள் தேர்ந்த இடம் பெருநகரத்து மண்டபம் அன்று, பல்கலைக்கழகப் பேரவையும் அன்று. சோழ நாட்டில் உள்ள திருக்கொள்ளம்பூதூர் என்னும் தேவாரத் தலத்தில், வில்வாரண்யேசுவரர் திருக்கோயிலில் 1947-ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆகிய நாட்களில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஆற்றில் வெள்ளம் பெருக, ஓடம் செலுத்துவார் இன்றித் திருஞானசம்பந்தப் பெருமான் திருப்பதிகம் பாடியே ஓடத்தைக் கரை சேர்த்த தலம் அது. அடிகளார் கணக்கிட்டு அமைத்த யாழ்களை ஏந்தி அன்பர்கள் ஊர்வலமாய்ச் சென்றனர். இசைப்புலவர் க. பொ. சிவானந்தம் பிள்ளை அவ்யாழ்களை இசைத்துக் காட்டினார். நூற்றாண்டுகளாய் ஏட்டில் மட்டுமே உறங்கிய நரம்பு திருக்கோயிலில் மீண்டும் ஒலித்தது. அப்போதே அடிகளார் உடல்நலம் மிகவும் குன்றியிருந்தார். அதன்பின் ஏறத்தாழ ஆறு வாரங்களே அவர் இவ்வுலகில் இருந்தார். 1947 சூலைத் திங்கள் 19-ஆம் நாள் இறைவன் திருவடி நீழலை எய்தினார். மட்டக்களப்பில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவர் திருமேனி அடக்கம் செய்யப்பெற்றது. இறைவன் விரும்பும் மலர் அன்பர்தம் உள்ளமும் கைகளும் கண்களுமே என்னும் கருத்தமைந்த அவர் பாடல் அச்சமாதியில் பொறிக்கப்பட்டுள்ளது.

இனி என் பேரன் கேட்ட மூன்றாவது வினாவுக்கு வருகிறேன். திருத்தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் சுற்றத்தார், பிள்ளையாரின் திருப்பதிகங்கள் யாழால் சிறப்புறுகின்றன என்று பேச, அது கேட்டு வருந்திய யாழ்ப்பாணர், யாழில் அடங்காத திருப்பதிகம் ஒன்றை அருளுமாறு வேண்டினார். பிள்ளையாரும் அங்ஙனமே அருளினார். அவ்விசை நரம்பில் அடங்காமை கண்டு யாழை முறிக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்ற மட்டும் இக்கருவியில் இடுக என்று பிள்ளையார் திருவாய்மலர்ந்தருளினார். “ஏன் அடங்கவில்லை?” என்னும் வினாவுக்கு அடியேன் இன்று கூறும் விடை இதுவே: ஒரு நரம்புக்கு ஓரிசை என்று அளந்து கட்டிய கருவியில், நரம்புக்கும் நரம்புக்கும் இடையே குழைந்து செல்லும் மிடற்றிசை முழுவதும் இறங்குவது அரிது. கருவியின் அளவை அறிந்தவனுக்கே அதற்கு அப்பாற்பட்டது எது என்பது விளங்கும். அளவையே அறியாத அடியேன் “அடங்காத இசை” என்று சொல்லி வந்தது வெறுஞ்சொல்லாய் இருந்தது. அளந்தறிந்த பின்னரே அற்புதத்தின் பெருமை எனக்கு உள்ளபடி புலனாயிற்று. கருவியை முறிக்க வேண்டா, இயன்ற மட்டும் இடுக என்ற திருவாக்கோ அறிவுத்துறையில் உழைப்பார் எல்லோர்க்கும் உரிய அருளாணையாய் ஒலிக்கின்றது.

விஞ்ஞானம் பயின்றால் பக்தி குன்றும் என்று அஞ்சுவாரும், பக்தி உடையார்க்கு விஞ்ஞானம் வேண்டா என்று இகழ்வாரும் நம்மிடையே உளர். அடியேனும் இளமையில் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவனே. இத்திருக்கோயிலை அண்ணாந்து நோக்குங்கள். கருவறைக்கும் விமானத்துக்கும் அளவு உண்டு; மூர்த்திக்குத் தாளப் பிரமாணம் உண்டு; குடமுழுக்கு நாளுக்கும் நாழிகைக் கணக்கு உண்டு. ஆனாய நாயனார் வரலாற்றில் வேய்ங்குழல் அமைக்கும் முறையையும் சேக்கிழார் பெருமான் விளக்காமல் விட்டாரல்லர். அளத்தல் வழிபாட்டிற்குப் பகையன்று. வழிபாட்டின் ஓர் உறுப்பேயாம்.

இத்திருப்பணிக்குப் பொருள் வழங்கிய புண்ணியசீலர்களை ஒன்று வேண்டி இக்கட்டுரையை முடிக்கிறேன். கோபுரம் புதுக்கினீர்; கலசம் ஏற்றினீர்; இப்பேறு பெரிது. இதனோடு, இத்திருக்கோயிலில் நாள்தோறும் தேவாரம் பண்ணோடு ஒலிக்கவும், ஓதுவார் ஒருவர் குறைவின்றி வாழவும், ஊர்ப் பிள்ளைகள் மாலையில் கூடித் திருமுறையோடு இசையும் கணக்கும் கற்கவும் ஒரு சிறு நிதி அமைப்பீர்களாக. யார் கண்டார்? அப்பிள்ளைகளுள் ஒருவன் மற்றுமொரு யாழை மீட்டளிக்கலாம். கல்லால் செய்த திருப்பணி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை புதுக்கப்பட வேண்டுவது. கல்வியால் செய்த திருப்பணியோ தலைமுறைதோறும் தன்னைத் தானே புதுக்கிக்கொள்ளும்.

இத்திருத்தலத்து அம்மையப்பர் திருவருளால் அன்பர்கள் எல்லோரும் எல்லா நலமும் பெற்று வாழ்க. திருமுறை இசை தழைக்க. விபுலாநந்த அடிகளார் திருப்பெயர் நீடு நிலவுக.

திருச்சிற்றம்பலம்.